கரண்டியை யார் கையில் கொடுப்பது?

உங்களிடம் ஒரு கேள்வி. அவசரமில்லை, யோசித்தே பதில் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை தெரியும். அந்த வேலைதான் உங்கள் வீட்டு அரிசி, பருப்பு, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம். ஒரு நாள் உங்கள் சொந்தக்காரரும் இல்லாத, உங்கள் தெருக்காரரும் இல்லாத ஒருத்தர் வந்து நின்று, “அதை எனக்கும் கத்துக்குடுங்க” என்கிறார். நீங்கள் சிரித்துக்கொண்டே “பார்க்கலாம்ப்பா” என்று சொல்லி அனுப்பி வைக்கிறீர்கள். அப்புறம் பார்க்கவே இல்லை.

நீங்கள் செய்தது தப்பா?

சட்டப்படி ஒன்றும் தப்பில்லை. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களோடு வைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான். தவிச்ச வாய்க்குத் தண்ணி தராதவனைப் பாவி என்று சொல்கிற ஊர் நம் ஊர். ஆனால் பிழைக்க வழி தெரியாமல் நிற்கிறவனுக்குத் தொழிலைச் சொல்லித் தராதவனை யாரும் பாவி என்று சொன்னதில்லை. கெட்டிக்காரன் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருவண்ணாமலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பாருங்கள். 217 அடி. பதினோரு நிலை. யார் கட்டியது என்று பக்கத்தில் பூ விற்கிற அம்மாவைக் கேட்டால்கூட, கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்தார் என்று சொல்லிவிடுவார். கொஞ்சம் விஷயம் தெரிந்தவரானால், தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் முடித்தார் என்றும் சேர்த்துச் சொல்வார். சரிதான். ஆனால் ராயரும் நாயக்கரும் சாரத்தில் ஏறிச் செங்கல் வைத்திருக்க மாட்டார்கள் இல்லையா? அடியில் கருங்கல், மேலே போகப் போகச் செங்கல்லும் சுதையும். அந்தச் சுதையைக் குழைத்தவன் யார்? அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார்? அவன் யாருக்குச் சொல்லிக் கொடுத்தான்?

சுதை வேலை என்பது சாதாரண சமாச்சாரம் இல்லை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, நீற்றி, நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். அப்புறம் மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லக் கரைசலும் விட்டு அரைக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்தது. அந்தச் சுவர்களில் இன்றைக்கும் முகம் பார்க்கலாம். எத்தனை நாள் ஊறினால் போதும், எப்போது பதம் வரும், எந்த வெயிலில் பூசினால் வெடிக்கும்... இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருந்தது? பெரும்பாலும் விரல் நுனியில்தான் இருந்தது. அப்பன் விரலிலிருந்து மகன் விரலுக்குப் போனது.

பிறகு சிமெண்ட் வந்தது. மாதக்கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? சுண்ணாம்பு வேலை கேட்பாரில்லாமல் போனது. மகன் பஸ் கண்டக்டரானான், பேரன் பெங்களூரு போனான். அப்பன் விரல் ஒரு நாள் ஆடாமல் நின்றபோது, அதிலிருந்த பாடமும் அதோடு போயிற்று. இன்றைக்குப் பழைய கோயிலைப் பழையபடியே பழுது பார்க்க வேண்டும் என்றால், சுண்ணாம்பு தெரிந்த கையைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. சிமெண்டைக் குற்றம் சொல்வது சுலபம். ஆனால் அந்த வேலை நாலு குடும்பத்தோடு நிற்காமல் நானூறு பேருக்குத் தெரிந்திருந்தால், சிமெண்ட் வந்த பிறகும் நாற்பது பேராவது மிஞ்சியிருப்பார்கள். எனக்குப் படுவது இதுதான்.

சரி, பழைய கதை போகட்டும். இன்றைய கட்டடத்துக்கு வாருங்கள்.

உங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கும். காலை ஒன்பது மணிக்கு அங்கே போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்கள். கொத்தனார் கையில் கரண்டி. (அகராதியில் ‘கரணை’ என்று இருக்கும், சைட்டில் போய் அப்படிக் கேட்டால் கருணைக்கிழங்கு வாங்கி வருவார்கள்.) அவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்தாள், அதாவது ஆண் உதவியாள். அப்புறம் சித்தாள், அநேகமாகப் பெண். மணல் சலிப்பது, தண்ணீர் எடுப்பது, கலவையைச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்து மாடி ஏறுவது எல்லாம் அவர்கள்.

கற்றுக்கொள்வது அங்கே எப்படி நடக்கிறது தெரியுமா? யாரும் எதையும் கற்றுத் தருவதில்லை. பார்த்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்தாளாக வந்த பையன் கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கண்ணால் திருடுகிறான். கொத்தனார் டீ குடிக்கப் போகும்போது கரண்டியை எடுத்து ரெண்டு கல் வைத்துப் பார்க்கிறான். வந்து பார்த்தவர் ஒரு அதட்டு அதட்டி, கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்ப வைக்கிறார். இப்படி ரெண்டு வருஷம், மூணு வருஷம். பையன் அவருக்கு மச்சான் மகனாகவோ தங்கச்சி மகனாகவோ இருந்தால் இந்த மூணு வருஷம் ஆறு மாசமாகச் சுருங்கும். உள்சுவர்ப் பூச்சைக் கொடுத்துப் பார்ப்பார். அப்புறம் ஒரு நாள் சாமி கும்பிட்டுவிட்டுக் கரண்டியைக் கையில் கொடுப்பார்.

அந்தச் சித்தாள்?

அவர் பதினைந்து வருஷம், இருபது வருஷம் சட்டி தூக்குவார். கலவையில் சிமெண்ட் கம்மி என்று அவருக்குப் பார்த்தவுடன் தெரியும். கட்டு வேலைக்கு ஒன்றுக்கு ஆறு, பூச்சுக்கு ஒன்றுக்கு நாலு என்பதெல்லாம் கனவில் கேட்டாலும் சொல்வார். எந்தக் கொத்தனார் சுவரில் வயிறு தள்ளும், யார் சுவர் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நிற்கும் என்பதும் அவருக்கு அத்துப்படி. ஆனால் கரண்டி கைக்கு வராது. நேற்று வந்த பையன் அவர் கண்முன்னால் கொத்தனாராகி, கொத்தனார் கூலி வாங்குவான். அவர் சித்தாளாகவே வந்து சித்தாளாகவே முதுகு வலியோடு வீட்டில் உட்காருவார். விலக்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெண் கொத்தனார்கள் உண்டு. உங்கள் தெருவில் பார்த்திருக்கிறீர்களா? நான் என் தெருவில் பார்த்ததில்லை.

ஆகவே, ‘சொல்லித் தராமல் இருப்பது தப்பா?’ என்ற நம் கேள்வி ஏதோ திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லும்போது கேட்கிற கேள்வி இல்லை. அதில் கூலி இருக்கிறது. யார் உறவு, யார் சாதி, ஆணா பெண்ணா என்பதெல்லாம் இருக்கிறது.

*

தொழிலைப் பள்ளியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் தீர்ந்தது பிரச்னை என்று உடனே சொல்லத் தோன்றும். தமிழ்நாட்டில் அது அத்தனை லேசான பேச்சு இல்லை. நமக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது.

1953-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார். மூன்று மணி நேரம் வகுப்பு. மிச்ச நேரம் வீட்டில் அப்பாவின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். போதிய கட்டடமில்லை, வாத்தியார் இல்லை, ஷிஃப்ட் முறையில் நிறையப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு. பெரியார் அதற்கு வைத்த பெயர்தான் நிலைத்தது: குலக்கல்வித் திட்டம். செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்க வேண்டும், வக்கீல் மகன் என்ன செய்வான் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போயிற்று. நல்லதுதான் நடந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதற்கப்புறம் ‘தொழில்’, ‘கல்வி’ என்ற ரெண்டு வார்த்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தாலே நமக்கு உடம்பு விறைக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. பதினெட்டு கைத்தொழில்கள், கொத்தனார் வேலையும் அதில் ஒன்று. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்கிற மாதிரியான நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழக அரசு கேட்டது. மாற்றம் வராததால், இப்போதிருக்கும் வடிவில் இதை நிறைவேற்ற மாட்டோம் என்று 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. எழுபது வருஷத்துக்கு முந்தைய அதே விவாதம், தேதி மட்டும் மாறி!

இந்த விவாதத்தில் ரெண்டு பக்கமும் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. 1953-ல் தப்பாக இருந்தது கரண்டி இல்லை. ‘அப்பன் கரண்டி’தான் தப்பு. கொத்தனார் மகள் இன்ஜினீயரிங் படிக்க வேண்டும். அதற்கு 1994-ல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் கல்வி உதவித்தொகையும் தருகிறது, சந்தோஷம். அதே மாதிரி ஒரு ஹெட்கிளார்க் மகன் கொத்தனார் வேலை படிக்க ஆசைப்பட்டால், அவன் எங்கே போவான்? அவனுக்கு மாமாவும் மேஸ்திரி இல்லை, மச்சானும் மேஸ்திரி இல்லை. குலக்கல்வியை நிறுத்தினோம். அந்தக் குலத்துக்குள்ளேயே இருந்த பாடத்தை வெளியே எடுத்து எல்லோருக்கும் பொதுவாக வைக்கிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டோம்.

பாதி என்று சொன்னதற்குக் காரணம், சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 1957-ல் மாமல்லபுரத்தில் சிற்பக்கலைக்கு அரசு ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பித்தது. அதுதான் வளர்ந்து இன்றைக்கு அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. கோயில் கட்டுகிற சாஸ்திரம் அதுவரை பெரும்பாலும் விஸ்வகர்ம வீடுகளுக்குள் இருந்தது. விண்ணப்பம் போட்டால் யாரும் படிக்கலாம் என்று ஆனது சின்ன விஷயமா? வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையத்தை முதலில் நடத்தியவர் வைத்தியநாத ஸ்தபதி, அவருக்குப் பின் வந்தவர் அவர் மகன் கணபதி ஸ்தபதி! கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பினாரே, அவரேதான். பொறுப்பு அப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. பாடம் மட்டும் ஊருக்குப் போனது. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை.

ஸ்தபதி வேலைக்குக் கிடைத்த இந்த மரியாதை சாதாரணக் கொத்தனார் வேலைக்குக் கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ.யில் கொத்தனார் பிரிவு என்று ஒன்று உண்டு, ஒரு வருஷப் படிப்பு, எட்டாவது தேறியிருந்தால் போதும் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் என்றால் சிபாரிசுக்கு ஆள் தேடுகிறோம். கொத்தனார் என்றால், “அதுக்கு எதுக்குப் படிப்பு?” என்கிறோம்.

ஐ.டி.ஐ.க்கும் போக முடியாதவர்களுக்கு வந்ததுதான் சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்ற ஊரில் 1901-ல் ஆரம்பித்த யோசனை இது. நம் பக்கம் 1995-ல் புதுச்சேரியிலும், 1996-ல் சென்னையிலும் முளைத்தது. பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் என்ற ஏசு சபைக்காரர் இதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். பத்தாவதில் ஃபெயிலானவர்கள், பன்னிரண்டாவதோடு நின்றவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்கள் என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வது. சில மாதம் பாடம், சில மாதம் வேலை நடக்கிற இடத்தில் பயிற்சி. பெரிய காம்பவுண்டு சுவரெல்லாம் கிடையாது. ரெண்டு அறை, ஒரு ஷெட், ஒரு கரும்பலகை.

திருவண்ணாமலை மாதிரி ஊருக்கு இது பொருந்துகிற அளவுக்கு வேறெதுவும் பொருந்தாது. பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வாருங்கள். ஆசிரமம், லாட்ஜ், கல்யாண மண்டபம், அடுக்குமாடி என்று கட்டடத்துக்கு மேல் கட்டடம். சாரத்தில் நிற்கிறவர்கள் பேசுவது இந்தி, ஒடியா, வங்காளம். இந்த மாவட்டத்துக்காரர்கள் எங்கே? செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய், அங்கே சாரத்தில் நிற்கிறார்கள். இங்கே வேலை இல்லாமல் இல்லை. வேலையும் ஆளும் சந்தித்துக்கொள்கிற இடம்தான் சரியாக அமையவில்லை.

கட்டட வேலையை வகுப்பில் வைத்துப் படிப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஒரு அறைக்கு மூலை போட வேண்டும், சரியாகச் செங்கோணம் வர வேண்டும். கொத்தனார் என்ன செய்வார்? ஒரு பக்கம் மூன்றடி, இன்னொரு பக்கம் நாலடி அளந்து குறி வைப்பார். ரெண்டு குறிக்கும் நடுவில் ஐந்தடி வந்தால் மூலை சரி. ‘ஏன் ஐந்து?’ என்று சைட்டில் கேட்டால், “எங்க மேஸ்திரி சொன்னார்” என்பதுதான் பதில். வகுப்பில் கேட்டால் பிதாகரஸ் வருவார். எட்டாம் வகுப்பில் கசந்த அதே பிதாகரஸ்! கணக்கில் ஃபெயிலான பையன், அந்தக் கணக்குதான் சுவரை நிமிர்த்துகிறது என்று முதல் தடவை பார்க்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

டியூப் லெவலும் அப்படித்தான். பத்து ரூபாய் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறுமுனையை அந்தத் தூணிலும் பிடித்தால், நடுவில் எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் ரெண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். கான்கிரீட் போட்ட பிறகு ஏன் நாள் தவறாமல் தண்ணீர் விட வேண்டும், முழுப் பலத்தை ஏன் 28-வது நாளில் பார்க்கிறார்கள், கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காவிட்டால் அது எப்படித் துருப்பிடித்துத் தளத்தைப் பிளக்கும்... இதையெல்லாம் சைட்டில் ‘செய்’ என்பார்கள். வகுப்பில் ‘ஏன்’ என்பதும் கிடைக்கும். அந்த ‘ஏன்’ தெரிந்தவன்தான், வீட்டுக்காரர் ரெண்டு மூட்டை சிமெண்டை மிச்சம் பிடிக்கப் பார்க்கும்போது, “வேணாம் சார்” என்று தைரியமாகச் சொல்வான்.

பயிற்சிச் சுவர் என்று ஒன்று கட்டுவார்கள். சிமெண்ட் போடாமல் மண் கலவையில் கட்டி, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மார்க் போட்டு, மறுபடி பிரித்துவிடுவார்கள். அதே செங்கல் அடுத்த பையனுக்கு. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், தப்பாகக் கட்ட அங்கே அனுமதி உண்டு. சைட்டில் ஒரு சுவர் கோணினால் வசவு, கூலிப்பிடித்தம். ஷெட்டில் கோணினால், பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம்.

*

இதையெல்லாம் செங்கம் ரோட்டில் ஒரு வீட்டு வேலையில் இருந்த வயசான கொத்தனாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கரண்டியைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே சொன்னார்:

“எல்லாம் சரிங்க. எனக்குத் தெரிஞ்சதை நான் நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டா, நாளைக்கு அவன் என்னைவிட நூறு ரூபா கம்மியா கேட்டு என் வேலையை எடுத்துக்குவான். அப்ப எனக்கு யார் சோறு போடுவா? நீங்க போடுவீங்களா?”

என்ன பதில் சொல்வீர்கள்?

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தக ரீதியில் பார்த்தால் அவர் சொல்வதில் ஒரு பிசிறுகூட இல்லை. பெரிய கம்பெனி தன் தொழில் ரகசியத்தைப் பூட்டி வைத்தால் அதைச் சொத்து என்கிறோம். ஒரு கண்டுபிடிப்பை ஊருக்கு வெளிப்படையாகச் சொன்னால், பதிலுக்கு அரசாங்கம் இருபது வருஷத்துக்குக் காப்புரிமை தருகிறது. அதாவது, ‘நீ சொல்லிவிடு, உன் சோற்றுக்கு நான் பொறுப்பு’ என்று ஒரு பேரம். கொத்தனாருக்கு அப்படி யார் பேரம் பேசினார்கள்? ஒன்றும் தராமல், ‘ஐயா, சொல்லிக் கொடுப்பது தர்மம்’ என்று அவரிடம் போய் நிற்பது நியாயமா?

அவர் பயம் புதுசும் இல்லை. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து மாதா கோயிலின் பெரிய குவிமாடத்தை 1420-லிருந்து 1436 வரை கட்டியவர் புரூனெல்லெஸ்கி. உள்ளே முட்டுக் கொடுக்காமலே அத்தனை பெரிய கூரையை எழுப்பினார். எப்படி என்று எழுதி வைக்கவில்லை. யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயம். கட்டடம் அப்படியே நிற்கிறது. கட்டிய விதத்தைப் பற்றி இன்றுவரை நிபுணர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவராவது புகழோடு இருந்தவர். செங்கம் ரோட்டுக் கொத்தனாரிடம் இருப்பது அந்தக் கை ஒன்றுதான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. சொல்லித் தராத தனி மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. சொல்லித் தருவதை அவருக்கு நஷ்டமாக்கி வைத்திருக்கிறோமே, அந்தக் குற்றம் நம்முடையது. அவர் சாரத்தில் ஒரு நாள் நின்றால் கிடைக்கிற கூலியை, வகுப்பில் ஒரு நாள் நின்றால் கொடுத்துப் பாருங்கள். முழங்கால் வலியோடு அறுபது வயசில் சாரம் ஏறுவதைவிட, நிழலில் நின்று பத்துப் பிள்ளைகளுக்கு மூலைமட்டம் காட்டுவது அவருக்குக் கசக்குமா?

ஆனால் அங்கேதான் நம் சாமர்த்தியம்! ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராக வேண்டுமானால் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். இல்லையென்றால் அந்தத் தொழிலில் படித்து வாங்கிய சான்றிதழ் வேண்டும். நாற்பது வருஷம் சுவர் கட்டியவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவராயிருந்தால், தான் கட்டிய பள்ளிக்கூடத்திலேயே அவர் சாக்பீஸ் பிடிக்க முடியாது. கரண்டி பிடிக்காதவர் பாடம் எடுக்கலாம்! சமுதாயக் கல்லூரிகளில் தொழில் தெரிந்தவரை அழைத்து வகுப்பெடுக்கச் சொல்ல இடமிருக்கிறது. அதனால்தான் அந்தச் சின்ன ஷெட்டின் மேல் எனக்கு மரியாதை.

படிக்காத கை படித்த பேருக்குச் சொல்லித் தர முடியுமா, பரம்பரையில் வராத கைக்கு இந்த வேலை வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, திருவண்ணாமலையிலேயே ஒரு கதை இருக்கிறது. ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் சமாதி மண்டபத்தைப் பார்க்கிறார்கள், மயிலைப் பார்க்கிறார்கள். கோசாலையை, சாப்பாட்டுக் கூடத்தை, பழைய மருந்தகத்தை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? அந்த வேலைகளை நின்று நடத்தியவர் அண்ணாமலை சுவாமி. 1928-ல் ஆசிரமத்துக்கு வந்தார். விவசாயக் குடும்பம். கட்டட வேலை அவர் கற்றதில்லை. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் ரமணர். ரமணருடைய அப்பாவோ திருச்சுழியில் வக்கீல்! கிடைத்த காகிதத் துண்டில் படம் போட்டுக் காட்டுவார், இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று சொல்லுவார், வெயிலில் வந்து நின்று பார்ப்பார். பத்து வருஷம் போல இப்படி நடந்தது. வேலை கேட்க வந்தவரா அண்ணாமலை சுவாமி? முக்தி கேட்டு வந்தவர். கையில் கிடைத்தது கல்லும் சுண்ணாம்பும்.

நான் ஆன்மிகக் கட்டுரை எழுதவில்லை. எனக்கு அது வராது. என் கண்ணில் படுவது வேறு. வக்கீல் மகன் விவசாயி மகனுக்குக் கொத்தனார் வேலை சொல்லிக் கொடுத்திருக்கிறார். குலமும் இல்லை, கூலிக் கணக்கும் இல்லை. கட்டடங்கள் இன்றைக்கும் நிற்கின்றன. மலைமேல் உள்ள ஸ்கந்தாசிரமம்கூட, ரமணர் 1916-லிருந்து 1922 வரை இருந்த இடம், கந்தசாமி என்ற பக்தர் முள்ளை வெட்டி, மண்ணைச் சரித்து, தன் கையால் சமன் பண்ணி எழுப்பியதுதான். அவர் பெயரில்தான் அந்த இடம் இருக்கிறது. ராஜகோபுரத்துக் கொத்தனாருக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்தது.

அன்றைக்குச் செங்கம் ரோட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கலவை போட்டுக்கொண்டிருந்த சித்தாள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது வயசிருக்கும். பதினெட்டு வருஷமாக இந்த வேலை.

“நீங்க கரண்டி பிடிச்சதுண்டாம்மா?” என்றேன்.

கொத்தனார் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைக் குறைத்துக்கொண்டு சொன்னார். “எங்க வீட்டுக் கக்கூஸ் சுவரு நான் வெச்சதுதான். பூச்சும் நானே. ரசமட்டம் கிடையாது. பாட்டில்ல தண்ணி ஊத்தி வெச்சுப் பார்த்துக்கிட்டேன்.”

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற மத்திய அரசு ஏற்பாடு ஒன்று, 2015-ல் வந்த கௌஷல் விகாஸ் திட்டத்தின் கீழ் உண்டு. ஆனால் அவருக்கு வேலை தெரியும் என்று யார் சொல்வார்கள்? வாரிய அட்டையில் அவர் சித்தாள். சமுதாயக் கல்லூரி பற்றிச் சொன்னேன்.

“பத்தாவது படிச்சிருக்கணுமா?”

“வேண்டியதில்லைன்னுதான் சொல்றாங்க.”

“வயசு?”

“அதுவும் தடையில்ல.”

கலவையை இன்னொரு புரட்டு புரட்டினார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: “எத்தினி மாசம்?”

“ஆறு மாசம் ஆகலாம்.”

“அந்த ஆறு மாசம் கூலி?”

நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார், கலவை வரவில்லை என்று. அவர் சட்டியை நிரப்பி, சும்மாட்டைச் சரி பண்ணித் தலையில் ஏற்றிக்கொண்டு படி ஏறினார். “சாயங்காலம் வகுப்பு வெச்சா சொல்லி அனுப்புங்க சார்” என்றார், பாதிப் படியில் நின்று திரும்பி.